தொட்டியில் தண்ணீர் குறைகிறதா?

போன மாதம் அடுத்தவர் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிடிபட்டேன். வயதோ, பென்ஷனோ, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோ என்னைக் காப்பாற்றவில்லை. மாட்டுக்காரர் கையில் தடியோடு வந்து யாரு அது என்றார். நான்தான், முருகேசன், சும்மா மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். சும்மா பார்க்கிறவனுக்கு ஒரு கால் எதற்குச் சாணக் குழிக்குள் இருக்க வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. பார்வையிலேயே கேட்டுவிட்டார்.

விஷயம் இதுதான். என் பேத்திக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. இனிமேல் பசும்பால் கொடுக்க ஆரம்பிக்கலாம் என்று குழந்தை மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த மாட்டுக்காரரிடமிருந்துதான் பால் வாங்குவதாக ஏற்பாடு. அந்த மாடு தண்ணீர் குடிக்கிறதா, குடித்தால் தொட்டியில் தண்ணீர் குறைகிறதா என்று என் கண்ணால் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பார். காரணத்தைச் சொன்னால் அப்புறம் அந்தத் தெருவில் ஒருத்தரும் அவரிடம் பால் வாங்க மாட்டார்கள். ஆகவே ஒளிந்தேன்.

அவர் உடனே எங்கள் பழைய கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டு, ரிட்டயர்டான சாருக்குத் தலையில் ஏதோ கோளாறு என்று தகவல் கொடுத்திருக்கிறார். என் இடத்துக்கு வந்திருக்கும் ஆய்வாளர் சின்னப் பெண். எனக்குப் போன் செய்து சிரித்து முடித்துவிட்டு, "சார், மாடு தண்ணி குடிக்கறதுல அப்பிடி என்ன சார் இருக்குது? எழுதிக் குடுங்க, நாங்களும் தெரிஞ்சிக்கறோம்" என்றாள். எழுதிவிட்டேன். அவள் படிப்பாளா என்பது வேறு விஷயம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓசூரில் பண்ணை மாடுகள் எங்களுக்குப் பாடம் நடத்தின, நாங்கள் உதை வாங்கிக்கொண்டு குறிப்பெடுத்தோம். வெளியே வந்தபோது நான் கால்நடை ஆய்வாளர். ஊர் அப்படிக் கூப்பிடவில்லை. மாரண்டஹள்ளிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் நான் 'சினை ஊசி சார்'தான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது பத்து இலை தள்ளியிருந்து ஒருத்தர் அப்படி உரக்கக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். வெளியூர்க்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பாயசத்தைப் பார்ப்பேன்.

ஆனால் எனக்கு வேறொரு புகழும் இருந்தது. கைப் புகழ். மாட்டுத் தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் என்னைத்தான் தேடுவார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு எருமையின் தொண்டையிலிருந்து முழு பீட்ரூட்டை வெளியே எடுத்தேன். அன்று சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அரசு ஊழியனுக்குக் கை தட்டல் என்பது அபூர்வமான சாமான், அதை வாங்கினவன் உருப்பட மாட்டான். முறை என்னவோ எளிதுதான். மாட்டின் நாக்கை ஒரு பக்கமாக வெளியே இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாக்கு பல்லுக்கு நடுவில் இருக்கும்வரை மாடு வாயை மூடாது. இன்னொரு கையைக் குவித்து உள்ளே விட்டு, தொண்டைக் குழிவரை துழாவ வேண்டும். கடைவாய்ப் பல் விரல் முட்டியில் உரசி இரண்டு மூன்று கீறல் விழும். அதை யாரும் காயம் என்று சொல்வதில்லை. கையுறை என் வண்டிப் பெட்டியிலேயே இருந்தது, பெட்டியின் அடியில், பத்திரமாக. கையுறை போட்டுக்கொண்டால் பீட்ரூட் சரியாகத் தட்டுப்படாது என்பது என் கொள்கை.

எங்கள் மருந்தகத்துக்குக் கால்நடை மருத்துவராக வந்தவர் ஸ்டெல்லா மேடம். கடத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஒல்லியாக இருப்பார், மெதுவாகப் பேசுவார், கோபமே வராது. ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில், "முருகேசன், அந்த ஊசியை எடுங்க" என்பார், அவ்வளவுதான். நிலைமை மோசமாக ஆக அவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போகும். "முருகேசன் சார்" என்றால் மாடு தேறுவது சந்தேகம். "கொஞ்சம் தயவு பண்ணி" என்று ஆரம்பித்தால் ஆள் தேறுவதே சந்தேகம். ஒரு தடவை பிரசவத்தில் சிக்கிய மாட்டின் பின்னங்காலுக்கு நேராக நான் நின்றுகொண்டிருந்தேன். "சார், உங்களுக்குச் சிரமம் இல்லீன்னா ஒரு அடி நகந்துக்குவீங்களாங்க" என்றார். நான் நகர்வதற்குள் உதை வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் வாயில் 'தயவு' என்ற சொல் வந்தாலே நான் முதலில் ஒரு அடி நகர்ந்துகொள்வேன்.

இப்போது மாதேஷ் வீடு. தக்காளியும் கொஞ்சம் மாமரமும் வைத்திருந்த விவசாயி. வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ். மனைவி சத்யா. கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தை, தர்ஷினி. கிராம செவிலியர் சொன்னதை சத்யா வேதமாக எடுத்துக்கொள்வாள். ஒரு வயது முடியாமல் பசும்பால் கூடாது என்று செவிலியர் சொல்லியிருந்தார். சொந்தக்காரர்கள் எத்தனை சொல்லியும் சத்யா அசையவில்லை. முதல் பிறந்த நாள் அன்றுதான் ஆரம்பிப்பது என்று வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதன்முதலில் பால் கொடுக்கிறபோது ஒரே மாட்டுப் பால்தான் கொடுப்பார்கள். சொசைட்டிப் பாலில் நூறு மாட்டுப் பால் கலந்திருக்கும், பிள்ளை வயிறு எதற்கென்று பழகும் என்பது அதற்கு அவர்கள் சொல்லும் காரணம். மாதேஷிடம் மூன்று மாடு. எந்த மாட்டை ஒதுக்குவது என்று என்னைக் கேட்டார். நான் பெண் பார்க்க வந்தவன் மாதிரி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மூன்றையும் நடத்திப் பார்த்தேன். மடியைத் தொட்டுப் பார்த்தேன், எப்போது கன்று போட்டது என்று விசாரித்தேன். கடைசியில் கெம்பியைக் காட்டினேன். கன்னடத்தில் செவலை என்று அர்த்தம். சாதுவான மாடு, நல்ல மடி, நோய் நொடி இல்லை. "பாப்பாவுக்கு இதுதாங்க தாய்" என்று ஒரு வசனமும் பேசிவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

பிறந்த நாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். கெம்பி தீனி எடுக்கவில்லை, வாயில் எச்சில் ஒழுகுது, தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருக்கும் போல என்று மாதேஷ் போன் செய்தார். மாம்பழக் காலம். தோப்பில் விழுந்ததையெல்லாம் மாடு தின்னும். எனக்கு உற்சாகம் வந்தது என்றே சொல்ல வேண்டும். பீட்ரூட்டுக்குப் பிறகு சொல்லிக்கொள்கிற மாதிரி எதுவும் அமையவில்லை.

போனபோது மாதேஷ் ஏற்கெனவே ஒரு தடவை கையை விட்டுப் பார்த்திருந்தார். நான் சட்டைக் கையை மடக்கி, நாக்கை இழுத்துப் பிடித்து, கையை விட்டேன். துழாவினேன். கொட்டை இல்லை. இன்னும் உள்ளே விட்டேன். ஒன்றுமே இல்லை. வழக்கமாக மாட்டின் தொண்டை என் கையை நெரிக்கும், வெளியே தள்ளப் பார்க்கும். கெம்பியின் தொண்டை தொளதொளவென்று கிடந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. மேடத்துக்குப் போன் போட்டு, மாங்கொட்டை கீழே இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று என் ஆராய்ச்சி முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் கெம்பி கத்தியது. கத்தலின் கடைசியில் குரல் உடைந்து, காற்று மட்டும் வந்தது.

அது போனில் மேடத்துக்கும் கேட்டிருக்க வேண்டும். பிறகு மேடம் பேசினார். "முருகேசன் சார். கையை வெளியில எடுத்துட்டீங்களாங்க?"

எடுத்துவிட்டேன் என்றேன்.

"கொஞ்சம் தயவு பண்ணி, தொட்டியில தண்ணி ஊத்தச் சொல்லி, மாடு குடிக்குதான்னு மட்டும் பாருங்க. நான் வந்துட்டே இருக்கறேன்."

மாதேஷ் தொட்டியை நிரப்பினார். கெம்பிக்குக் கடுமையான தாகம். ஓடி வந்து மூக்குவரை தண்ணீரில் முக்கியது. தாடை அசைந்தது. நுரை மிதந்தது. தலையைத் தூக்கியது, மறுபடி முக்கியது. பார்க்கிறவர்களுக்கு அது குடிப்பது போலத்தான் தெரியும். மாதேஷ் நிம்மதியாகி, "குடிக்குதுங்க சார்" என்றார். நான் தொட்டியின் உள்பக்கம் பாசி படிந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அந்தக் கோட்டிலேயே நின்றது. ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. என் விரல் முட்டியில் இருந்த மூன்று கீறலும் அப்போதுதான் எரிய ஆரம்பித்தன.

வெறி நோய். தொண்டை செயலிழந்த மாட்டால் விழுங்க முடியாது. மாமரம் பூத்த சமயத்தில் ஒரு நாய் கொட்டகைக்குள் புகுந்து ஓடியதாகவும், மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிட்டதாகவும் மாதேஷ் சொன்னார்.

மேடம் வந்து இறங்கியதும் முதலில் எங்கள் இரண்டு பேரையும் மோட்டார்க் குழாய்க்குக் கீழே நிறுத்தினார். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவச் சொன்னார். கெம்பியைத் தூரத்துப் புளியமரத்தில் கட்டவைத்தார், கன்றைப் பிரித்தார். நான் கையைக் கழுவிக்கொண்டே, கீறல்களை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பினால், சத்யா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். யாரும் இன்னும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் முகத்தில் இரத்தம் இல்லை.

பாலைக் காய்ச்சினீர்களா என்று மேடம் கேட்கவில்லை. அதுதான் அவருடைய முறை. கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், தன் வீட்டில் கேட்டால் தானும் அப்படித்தான் சொல்வேன் என்று முன்பே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். "காலையில கறக்கறதுல இருந்து பாப்பா வாய்க்குப் போற வரைக்கும் தெனமும் என்ன செய்வீங்களோ அதைச் செஞ்சு காட்டுங்க. யாரும் பேச வேண்டாங்க" என்றார்.

மாதேஷ் வெறும் கொட்டகையில், இல்லாத மாட்டுக்குப் பக்கத்தில், காலி சொம்பை முழங்காலுக்கு இடையில் வைத்துக் குந்தினார். வெறுங்காற்றில் கறந்தார். இன்னொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். சத்யா தினமும் நிற்கிற இடத்தில், கம்பத்தின் பக்கம், குழந்தையோடு போய் நின்றாள். கறந்து முடிந்தது. மாதேஷ் சொம்போடு எழுந்தார். எழுந்த வேகத்தில், அவர் யோசிக்காமலே, அவருடைய சுண்டு விரல் சொம்புக்குள் போய் வந்து குழந்தையின் பக்கம் நீண்டது.

குழந்தை வாயைத் திறந்தது.

மாதேஷ் தன் விரலை யாருடையதோ என்பது போலப் பார்த்தார். "மேடம், அது நொரைதானுங்க" என்றார். "ஒரு விரல் நொரை. பாலெல்லாம் காய்ச்சித்தானுங்க குடுத்தோம். இது குடுக்கறதுல சேராதுங்களே."

சத்யா முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். மேடம் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார் மேடம். "தயவு செஞ்சு பாப்பாவத் தூக்கிக்கிட்டு வண்டியில ஏறுங்க. நீங்களும் ஏறுங்க, முருகேசன் சார். உங்களுக்குத்தான் சொல்றேங்க."

அத்தனை 'ங்க'வை நான் அவரிடம் அதுவரை கேட்டதில்லை.

பாலக்கோட்டில் அரசு மருத்துவமனையில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்தோம். மாதேஷ், நான், மடியில் குழந்தையோடு சத்யா. அங்கிருந்த இளம் மருத்துவர் நிதானமான ஆள். காய்ச்சின பாலால் பயமில்லை, அதைக் குடித்தவர்களுக்கு ஊசி தேவையில்லை என்றார். நுரை பச்சைப் பால்தான், அதனால் ஒருத்தருக்கு நோய் வந்ததாகத் தனக்குத் தெரிந்து இல்லை, ஆனால் இந்த நோயில் பரீட்சித்துப் பார்க்க முடியாது, வந்துவிட்டால் மருந்து கிடையாது, ஊசி போட்டுவிடுவோம் என்றார். நல்ல மனிதர், உண்மையைத்தான் சொன்னார். அந்த 'ஆனால்' எங்கள் மூன்று பேர் நெஞ்சிலும் உட்கார்ந்துகொண்டது.

தர்ஷினிக்குத் தொடையில் ஊசி. ஒரு தடவை வீறிட்டுவிட்டு நிறுத்திவிட்டாள். மாதேஷுக்கும் எனக்கும் தோளில் ஒவ்வொன்று, அது போக என் விரல் முட்டிக் கீறல்களைச் சுற்றிலும் வேறொரு மருந்து ஏற்ற வேண்டும். விரலில் சதை இல்லை. நான் போட்ட சத்தத்தில் வெளி நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் ஊசி போட்டவன் நான். குழந்தை அம்மாவின் தோளிலிருந்து திரும்பி என்னைக் கவலையோடு பார்த்தாள். பிறகு எனக்காக இன்னொரு முறை அழுதாள். அட்டையில் குறித்த நாட்களில் எல்லாம் மூவரும் ஒன்றாகவே போனோம். ஒவ்வொரு தடவையும் அவள் என்னைவிட நன்றாக நடந்துகொண்டாள்.

கெம்பி மறுநாள் விழுந்தது. அதற்கு மறுநாள் செத்தது. மூளையில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார் மேடம். இந்தத் தடவை நான் இரண்டு கையிலும் கையுறை போட்டிருந்தேன், ஒன்றின் மேல் ஒன்றாக. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். குழந்தைக்கென்று ஒதுக்கியிருந்ததால் கெம்பியின் பால் சொசைட்டிக்குப் போகவில்லை. இல்லாவிட்டால் ஊரே அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும். முடிவு வந்தபோது மேடம் என்னைக் கூப்பிட்டு, "உட்காருங்க சார்" என்றார். மீதியை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊசி எல்லாம் முடிந்தால் பயம் முடிந்திருக்க வேண்டும். நான் புத்தகம் படிக்கிறவன், அதுதான் கெடுதலாகிவிட்டது. இந்த நோய் மாதக்கணக்கில் உள்ளே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், சில சமயம் வருஷத்துக்கு மேலும் ஆகலாம் என்று படித்திருந்தேன். ஊசி சரியாகப் போட்டவருக்கு வராது என்று அதே பக்கத்தில்தான் இருந்தது. மனது அந்த வரியைத் தாண்டித் தாண்டிப் போனது. தினமும் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கண்ணாடி முன்னால் நின்று குடிப்பேன். தொண்டை மணி ஏறி இறங்கினால் இன்றைக்குப் பிழைத்தேன். பாலைத் தொடவே இல்லை. கடுங்காப்பிக்கு மாறினேன்.

என்னைப் பார்த்துக்கொள்வது எளிது. அந்தக் குழந்தையை யார் பார்ப்பது? அந்த மாட்டைத் தேர்ந்து கொடுத்தவன் நான். அதனால் மாதேஷ் வீட்டுக்குப் போக ஏதாவது காரணம் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தேன். கன்றுக்கு ஊசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, கோழிக்குச் சொட்டு மருந்து. போனதும் தண்ணீர் கேட்பேன். மடக்கென்று குடிப்பேன். அப்புறம், வெயிலாக இருக்கிறது, பாப்பாவுக்கும் ஒரு வாய் கொடுங்கள் என்பேன். மார்கழி மாதத்தில் கூட வெயில் என்றுதான் சொன்னேன். அவள் விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்புவேன்.

ஒரு நாள் அவள் குடிக்கவில்லை. டம்ளரைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். சத்யா மறுபடி நீட்டினாள். தட்டிவிட்டு, கழுத்தை வளைத்துக் கத்தினாள். தண்ணீரைப் பார்த்துக் கத்துகிற குழந்தை. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. சத்யாவிடம் என்ன சொல்வது? பார்த்து முடித்த கன்றையே இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று கொட்டகைக்குப் போய், அதன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை தத்தித் தத்தி என் பின்னாலேயே வந்தாள். கோழிக்கு வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியின் முன் உட்கார்ந்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு, அள்ளி, குடித்தாள். மறுபடி அள்ளினாள். சத்யா ஓடி வந்து தடுக்கப் பார்த்தபோது நான் குறுக்கே கையை நீட்டி, "வுடுங்க, குடிக்கட்டும்" என்றேன். ஒரு கால்நடைத் துறை ஊழியன் கோழித் தண்ணீருக்குப் பரிந்துரை செய்ததை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று. சத்யா குழந்தைக்குப் பாலையே நிறுத்திவிட்டாள். கேழ்வரகுக் கஞ்சி மட்டும். குழந்தை மெலிந்தாள். கிராம செவிலியர் சொல்லிப் பார்த்தார், அந்த இளம் மருத்துவர் சொல்லிப் பார்த்தார். நன்றாகக் காய்ச்சிய பாலில் ஒன்றும் இல்லை என்று சத்யாவுக்கும் தெரியும். தெரிந்தது கைக்கு எட்டவில்லை, டம்ளரைத் தூக்கினால் திரும்பக் கீழேயே வைத்துவிடுகிறேன் என்றாள். கடைசியில் மேடம் என்னைக் கூப்பிட்டார். "முருகேசன் சார், கொஞ்சம் தயவு பண்ணி, நீங்க போய்ச் சொன்னீங்கன்னா அந்தப் பொண்ணு கேக்கும்ங்க."

போனேன். மாதேஷின் மற்ற இரண்டு மாட்டையும் தண்ணீர் குடிக்கவைத்துத் தொட்டியைப் பார்த்தேன். குறைந்தது. காய்ச்சின பால் ஒன்றும் செய்யாது, பொங்கி அடங்கட்டும், அப்புறம் ஆற்றிக் கொடுங்கள் என்று அறிவுரை சொன்னேன். சத்யா என் எதிரிலேயே பாலை அடுப்பில் வைத்தாள். பொங்கியது. அடங்கியது. மறுபடி பொங்கவிட்டாள். ஒரு டம்ளரில் ஊற்றி, குழந்தைக்குக் கொடுக்காமல், என் முன்னால் வைத்தாள்.

"நீங்க மொதல்ல குடிங்க சார்."

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் பாலைத் தொட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. டம்ளரில் ஆடை படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதேஷ் கதவோரம் நின்று என் தொண்டையையே பார்த்தார். நான் அவர் பெண்ணின் தொண்டையைப் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று அப்போது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். சர்க்கரை போடவில்லை. குழந்தைக்கு வைத்த பால், அதனால் போடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன். சத்யா கொஞ்ச நேரம் காத்திருந்தாள், நான் விழுந்துவிடுவேனோ என்று பார்ப்பவள் போல. பிறகு குழந்தையை மடியில் போட்டு, பாலாடைச் சங்கால் ஒரு வாய் ஊற்றினாள். தர்ஷினி சப்புக்கொட்டி, அடுத்ததற்கு வாயைத் திறந்தாள். மாதேஷ் வெளியே போய்விட்டார், வெகுநேரம் உள்ளே வரவில்லை.

போன மாதம் நான் சாணக் குழியில் காலை வைத்துப் பிடிபட்டதற்கு அடுத்த வாரம் மாதேஷும் சத்யாவும் என் வீட்டுக்கு வந்தார்கள், தர்ஷினிக்குப் பிறகு பிறந்த மகனுக்குக் காதுகுத்து என்று பத்திரிகை வைக்க. கூட அவளும் வந்தாள். என் தோள் உயரம் இருக்கிறாள். என் மனைவி கொடுத்த தண்ணீரைச் செம்போடு அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். நான் என்னை அறியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெஞ்சு நிறைந்து ஏதாவது பேசலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் சத்யா என் மனைவி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, சாருக்கு இப்போது சுகர் பரவாயில்லையா என்று கேட்டாள்.

எனக்குச் சுகரே கிடையாதே என்றேன்.

"மறைக்காதீங்க சார். அப்பெல்லாம் எங்க வூட்டுக்கு வந்தாலே தண்ணி கேப்பீங்க, பாவமா இருக்கும். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அன்னிக்குப் பாலு குடுத்தப்பகூட உங்களுக்குன்னுதான் சக்கரை போடாம குடுத்தேனுங்க."